பழைய வயர் மூட்டையும் சமாதானபுரத்துக் கடையும்

பாளையங்கோட்டையில் பழைய வயருக்கு அதிக விலை தரும் கடை எது என்று கேட்டால், நான் சொல்லப்போகும் கடை அது இல்லை. காசு மட்டும்தான் குறி என்றால் டவுன் பக்கம் நாலு கடை ஏறி இறங்குங்கள், கிலோவுக்குப் பத்து இருபது கூடக் கிடைக்கும். வீட்டில் சாக்குக் கணக்கில் வயர் கிடக்கிறது, எது ஓடும் எது ஓடாது என்று தெரியவில்லை, யாரிடமாவது தள்ளிவிட்டு அவர்கள் அதைக் குளத்தங்கரையில் வைத்துக் கொளுத்துவதும் பிடிக்கவில்லை என்பவர்களுக்குத்தான் இது. சமாதானபுரம் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய இரும்புக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய வாஷிங் மெஷின் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் எலக்ட்ரானிக் தராசை வைத்திருப்பார்கள். அடையாளம் அதுதான்.

எங்கள் வீட்டுக்காரர் எந்த வயரையும் தூரப் போடாத ஆள். "கெடக்கட்டும், எதுக்காவது ஆவும்" என்பார். பெயிண்ட் அடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று முழுசாகத் தெரிந்தது. லேண்ட்லைன் போன் வந்த காலத்து இரட்டை வயர். டிஷ் கம்பெனி மாற்ற மாற்ற ஒவ்வொருவரும் விட்டுப்போன வெள்ளை கேபிள் சுருள்கள். 2006இல் வந்த ஆட்சி கொடுத்த இலவச கலர் டிவி அத்தை வீட்டில் எப்போதோ அணைந்துவிட்டது, அதன் சிவப்பு வெள்ளை மஞ்சள் முனை வயர் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மகனுக்குக் கிடைத்த லேப்டாப்பின் சார்ஜரும் இருந்தது. லேப்டாப் எங்கே போனது என்று அவனுக்கே தெரியாது. நோக்கியா சின்ன பின் சார்ஜர்கள், பிரிண்டர் கேபிள், நீல முனை வைத்த பழைய மானிட்டர் கேபிள், மிக்ஸி வயர், கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குள் போடும் ஹோல்டர் வயர், பாதி எரியும் சீரியல் செட், ஒரு காது மட்டும் கேட்கும் இயர்போன்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு கனமான சாமான்கள்: வீடு கட்டும்போது மிஞ்சிய வயரிங் துண்டுகள், நாங்குநேரி பக்கம் மாமனார் தோட்டத்து போர்வெல்லில் இருந்து உருவிய சப்மெர்சிபிள் மோட்டார் கேபிள்.

தெருவில் வண்டியோடு வருகிறவரிடம் போட்டால் வேலை சுலபமாக முடியும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய் இப்போது காசாகவே தருகிறார்கள். ஆனால் மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கி, உள்ளே இருப்பதிலேயே மட்டமான சாமானுக்கு என்ன விலையோ அதை மொத்தத்துக்கும் போடுவார்கள். மோட்டார் கேபிளும் இயர்போனும் ஒரே விலைக்குப் போய்விடும். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இந்தக் கடையில் மூட்டையை முதலில் தார்ப்பாயில் கொட்டுகிறார்கள். அண்ணாச்சி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நம் கண் முன்னாலேயே பிரிக்கிறார். கையில் ஒரு காந்தம், ஒரு கத்தி, பக்கத்தில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று. அவ்வளவுதான் ஆயுதம். வெள்ளை டிஷ் கேபிளின் நடுக்கம்பி பார்க்கச் செம்பு நிறத்தில் பளபளக்கும். அதில் காந்தத்தை வைத்தார், ஒட்டிக்கொண்டது. ஆர்ஜி-6 என்று சொல்லும் இந்தக் கேபிளில் பெரும்பாலும் நடுவில் எஃகுக் கம்பிதான், மேலே மட்டும் செம்புப் பூச்சு. சுற்றி இருக்கும் வலையும் தாளும் அலுமினியம். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலிலேயே ஓடும் என்பதால் டிவி சிக்னலுக்கு அந்தப் பூச்சே போதும். வகுப்பில் நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய சங்கதியை அண்ணாச்சி ஒரு காந்தத்தை வைத்துக் காட்டிவிட்டு, "இதுல வெல கெடையாது டீச்சர், சும்மா கனந்தான்" என்று ஓரமாகத் தள்ளினார்.

அடுத்தது வயரிங் துண்டுகள். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தார். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் முழுச் செம்பு, சுரண்டியதும் வெள்ளை தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். விலை மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயரில் இந்த இரண்டாவது வகை நிறைய வருகிறதாம். எங்கள் மூட்டையிலும் ஒன்று அகப்பட்டது, பெரிய கடையில் பில் போட்டு வாங்கியதுதான்.

செம்புக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் செம்பு ஏறக்குறைய 9 கிராம். குறுக்குவெட்டில் ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு உள்ள வயர் என்றால் ஒரு மீட்டருக்கு 9 கிராம், 90 மீட்டர் சுருள் முழுசாக இருந்தால் சுமார் 800 கிராம். இதே இரண்டரை சதுர மில்லிமீட்டர் மூன்று கோர், அதாவது உள்ளே மூன்று வயர் ஓடும் மோட்டார் கேபிள் என்றால் மீட்டருக்கு 67 கிராம். 200 அடி போர்வெல்லுக்கு இறக்கிய கேபிளில் நாலு கிலோ செம்பு இருக்கும். போன் சார்ஜ் போடும் கேபிளைப் பிரித்தாலோ ஒரு மீட்டருக்குச் சில கிராம் தேறினால் அதிகம். பரணை அடைத்துக்கொண்டிருப்பது பின்னது, காசு இருப்பது முன்னது. மூட்டை கட்டும்போதே இரண்டையும் தனித்தனியாகக் கட்டிவிட்டால் எந்தக் கடைக்குப் போனாலும் ஏமாற வேண்டியதில்லை.

தராசைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போகும்போது பையில் ஒரு கிலோ சீனி பாக்கெட் கொண்டுபோயிருந்தேன். அதை முதலில் தராசில் வைத்தேன். வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணாச்சி கோபப்படவில்லை, "வச்சுப் பாருங்க டீச்சர், முத்திரையும் இந்தா இருக்கு" என்று தராசின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார். சீனி ஒரு கிலோவுக்கு நாலு கிராம் கூடக் காட்டியது. கவர் எடை, சரிதான். எலக்ட்ரானிக் தராசுக்கு வருசா வருசம் முத்திரை போட வேண்டும், நம் ஊரில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. கடைக்காரரிடம் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நாங்கள் போன அன்று விலை இப்படி: உரித்த செம்பு கிலோ 680 ரூபாய், உரிக்காத வயரிங் துண்டும் மோட்டார் கேபிளும் 300, மெல்லிய கேபிள் கலவை 70, டிஷ் கேபிள் 30. செம்பு விலை தினமும் ஏறி இறங்கும், காலையில் வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்துத்தான் அன்றைய விலை. அதனால் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 300 ஞாயமா என்று நான் கணக்குப் போட்டேன். சாதாரண வீட்டு வயரில் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் செம்பு, மீதி பிவிசி உறை. அப்படியென்றால் ஒரு கிலோ வயருக்குள் இருக்கும் செம்பின் விலை 370 ரூபாய் சுமாருக்கு வரும். 70 ரூபாய் உரிக்கும் கூலிக்கும் அவர் லாபத்துக்கும். ஞாயம்தான்.

அந்த உரிக்கும் வேலைக்கு ஒரு கைமெஷின் இருக்கிறது. கடையில் எனக்குப் பிடித்ததே அதுதான். மேசை ஓரத்தில் முடுக்கி வைத்திருக்கிறார்கள். வயரின் நுனியை உள்ளே கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால், ஒரு பிளேடு உறையை நீளவாக்கில் கீறிக்கொண்டே போகும். மறுபக்கம் செம்பு தனியாக, தோல் தனியாக. "சார் சும்மாதான நிக்கீங்க, நீங்களே சுத்திக்கோங்க, உரிச்ச வெல போட்டுத் தாரேன்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் கைப்பிடியை விடவே இல்லை. எத்தனையோ வருசமாகப் பரணில் ஏற்றிய வயரை அவரே சந்தோசமாக உரித்துக் குவித்தார். நான் பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

உரிப்பதை இவ்வளவு பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. உரிக்கச் சோம்பல்பட்டால் அடுத்த வழி எரிப்பது. நம் பக்கத்தில் இருட்டின பிறகு ஊருக்கு வெளியே கறுப்புப் புகை கிளம்பி, மூக்கைக் குத்தும் நாற்றம் வந்தால், பல சமயம் அது வயர்தான். பிவிசி என்பதில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், கூடவே டையாக்சின் என்ற நச்சும் உண்டாகும். செம்பு பக்கத்தில் இருப்பது அந்த நச்சு உண்டாவதைத் தூண்டிவிடுகிறது. குப்பையில் கிடக்கும் வெறும் பிளாஸ்டிக்கைவிட வயரை எரிப்பது மோசம் என்று சொல்வது அதனால்தான். ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்த நாட்களில் சுற்றுவட்டாரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்களிடம் புகையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வயரைப் பொறுத்தவரை எரிப்பதில் லாபமும் குறைவு. "எரிச்ச செம்பு கருத்துப்போவும் டீச்சர், அதை அடிமாட்டு வெலைக்குத்தான் கேப்பான். உரிச்சா பளிச்சுன்னு நிக்கும்" என்கிறார் அண்ணாச்சி. சுற்றுச்சூழல் பாடத்தை எல்லாம்விட இந்த ஒரு கணக்கு தொழில்காரர்களிடம் சீக்கிரம் எடுபடும் என்று தோன்றுகிறது.

திருப்பிக் கொடுப்பதிலும் இந்தக் கடை வித்தியாசம். நாங்கள் கொண்டுபோனதில் ஒரு சின்னக் குவியலைத் தனியே ஒதுக்கி, "இதெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். எடைக்கு எடுத்திருந்தால் அவருக்குத்தான் லாபம். ஒரு 12 வோல்ட் அடாப்டரை மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு, "நல்ல அடாப்டர்லா, இதை எதுக்குக் கொண்டு வாரீங்க? ஒங்க வீட்டு ரூட்டர் என்ன வோல்ட்டு?" என்று கேட்டார். அங்கேயே எனக்கொரு பாடமும் நடந்தது, அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அடாப்டரின் முதுகில் சின்ன எழுத்தில் இருப்பதில், அவுட்புட் வோல்ட் கருவியில் போட்டிருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. கருவி தனக்கு வேண்டியதைத்தான் இழுத்துக்கொள்ளும். மூன்றாவது, ஒரு வட்டமும் நடுவில் புள்ளியும் போட்ட படம். நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பதை அது சொல்லும். அது மாறினால் கருவி போய்விடும். இந்த மூன்றும் சரியாக இருந்து, பின்னும் பொருந்தினால் எந்தக் கம்பெனி அடாப்டரும் ஆகும்.

லேப்டாப் சார்ஜரின் பின் மட்டும் ஒடிந்திருந்தது. உள்ளே ஒரு சின்ன மேசையில் சால்டரிங் அயர்ன் வைத்துக்கொண்டு இன்னொருவர் இருக்கிறார், வேறு பின் ஒட்டித் தந்துவிடுவேன் என்றார். லேப்டாப்பே இல்லை என்பதால் அதை எடைக்குப் போட்டோம். இயர்போன் ரிப்பேர் மட்டும் அவர் செய்வதில்லை. அந்த வயரில் முடியளவு கம்பிக்கு மேல் அரக்குப் பூச்சு, அதில் ஈயம் ஒட்டாது என்று அலுத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

போன் கேபிள்களில் இரண்டு மைக்ரோ யுஎஸ்பியை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். டார்ச், டிரிம்மர், பழைய புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. மீதிக்கு எதிர்காலம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதுப் போன் என்றால் சி-டைப்தான் என்று சட்டமே வந்துவிட்டது, ஆப்பிள்காரர்கள் அதற்கு முந்தின வருசமே மாறிவிட்டார்கள். நீல முனை மானிட்டர் கேபிளை மட்டும் வீட்டுக்காரர் விடமாட்டேன் என்று பிடித்தார். அந்த மாதிரி முனையே 1987இல் வந்த சமாசாரம். "சவத்தப் போடுங்க சார்" என்று அண்ணாச்சி வாங்கி மெல்லிய கேபிள் குவியலில் எறிந்துவிட்டார்.

சிந்துபூந்துறையில் இருக்கும் என் தங்கை வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் இரண்டும் மூட்டையில் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த அந்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. காய வைத்து எடுத்து வைத்திருந்தாள், வேலையும் செய்தன. அண்ணாச்சி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே பித்தளைத் தகடுகளில் பச்சையாகப் பூத்துக்கிடந்தது, இடுக்கில் ஆற்று வண்டல். இப்படி இருந்தால் பிடிப்பு சரியாக இல்லாமல் அந்த இடம் சூடேறும், அயர்ன் பாக்ஸோ ஹீட்டரோ மாட்டினால் உருகும். வெள்ளத்தில் நனைந்த பாக்ஸ் வீட்டில் இன்னும் இருந்தால், ஓடுகிறதே என்று வைத்திருக்காதீர்கள்.

குறைகளும் இருக்கின்றன. உரிக்கும் மெஷினில் வேலை பார்க்கும் பையன் கையில் உறை இல்லை, விரல் எல்லாம் கீறல். அண்ணாச்சியிடம் சொன்னேன், "கையுற போட்டா வேலை ஓடாதுங்கான் டீச்சர்" என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை. மெல்லிய கேபிள்கள் மெஷினில் ஏறாது, மொத்தமாகச் சேர்த்து மதுரைக்கு லாரியில் அனுப்புவதாகச் சொல்கிறார். அங்கே அரைத்துச் செம்பையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாகப் பிரிக்கிறார்களாம். அனுப்பியதற்கு ஒரு தாள்கூடக் காட்டவில்லை. நமக்கும் ரசீது கிடையாது, ஜிபே வந்த சத்தம்தான் ரசீது. மின்னணுக் கழிவை யார் எப்படிக் கையாள வேண்டும் என்று 2011இலேயே விதி போட்டு, 2016இல் மாற்றி, 2022இல் மறுபடி மாற்றி, அது 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பொருளைத் தயாரித்தவர்களே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்கிறது விதி. நம் ஊர் ஷோரூம் ஒன்றில் போய், பழைய சார்ஜர் போடப் பெட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். புதுச் சார்ஜரை எடுத்துக் காட்டினார்கள். இதெல்லாம் சரியாகும்வரை, பிரித்து உரிக்கிற கடையே நமக்குக் கிடைத்ததில் மேல்.

உப்பிய பவர்பேங்கும் பழைய போன் பேட்டரியும் அங்கே எடுப்பதில்லை. "தீப்புடிச்சா கடையே போயிரும்" என்று தொடக்கூட மாட்டார். அதில் அவர் செய்வது சரி. மூட்டைக்குள் பேட்டரி கிடக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்குத் திரும்பி வந்த சின்னக் குவியலை இப்போது திருச்செந்தூர்ப் பக்கம் வாங்கிய பனையோலைப் பெட்டி ஒன்றில் வைத்திருக்கிறோம். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கோடையில் உருகி வயரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிசினை நகத்தால் சுரண்ட வேண்டும். வயரே பிசுபிசுப்பதும் உண்டு, பிவிசியை வளைவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் வெளியே கசிவதுதான் அது. அந்த மாதிரி வயரை வைத்துக்கொள்ள வேண்டாம். பழைய பாவாடை நாடாவைத் துண்டு துண்டாக வெட்டித் தளர்வாகக் கட்டினேன். ஒவ்வொன்றிலும் காகித டேப்பில் எந்தக் கருவிக்கு உரியது, எத்தனை வோல்ட் என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. பெயர் எழுத முடியாத வயர் பெட்டிக்குள் போகக் கூடாது என்பது இப்போதைய சட்டம். வீட்டுக்காரர் ஒன்றில் "பொது" என்று எழுதி உள்ளே வைத்திருக்கிறார், பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: காலையில் போனால் ஆற அமரப் பிரித்துத் தருவார், சாயங்காலம் வண்டிக்காரர்கள் எல்லாம் சரக்கு இறக்க வந்துவிடுவதால் மூட்டையோடு நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். கார் சந்துக்குள் போகாது, ஆட்டோ போகும். தூசி இருக்கும், வெள்ளை வேட்டி வேண்டாம். கொண்டுபோன சாக்கை நீங்களாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவராகத் தரமாட்டார்.